பத்து டாலர் டி-ஷர்ட்டில் தைத்தவருக்கு என்ன போகிறது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் டொராண்டோவில் இருக்கிறார். பிள்ளைகளுக்கு வாங்கும் உடுப்பைத் திருப்பிப் பார்த்தால் வங்கதேசம், கம்போடியா, இந்தியா என்று ஏதாவது ஒன்று போட்டிருக்கிறது. பத்து டாலருக்குக் கிடைக்கிறது. கூட வேலை செய்பவர், "அடிமைக் கூலிக்குத் தைத்தது, வாங்காதே" என்கிறாராம். கணவர், "நாங்க வாங்காட்டி அந்தப் பிள்ளையளுக்கு இருக்கிற வேலையும் இல்லை" என்கிறாராம். யார் சொல்வது சரி, விலை கூடின பிராண்டுக்கு மாறினால் மனச்சாட்சி உறுத்தாமல் இருக்கலாமா என்பது கேள்வி. போதாததற்கு அவர்களுடைய சங்கத்தின் கோடைக்கால விளையாட்டு விழாவுக்கு முந்நூறு டி-ஷர்ட் ஆர்டர் கொடுக்கும் பொறுப்பும் இவர் தலையில் விழுந்திருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்றும் கேட்டிருக்கிறார்.

நான் திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசராக இருந்தவன். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையருக்கும் இங்கே ஓடும் தையல் லைனுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை அது. அங்கிருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். உங்கள் கணவர் பக்கம்தான் நான் சாய்வேன். ஆனால் அவர் சொல்லும் காரணத்தோடு நின்றுவிட்டால், கதவைப் பூட்டி வைத்துத் தைக்கச் சொல்லும் முதலாளிக்கும் அதே காரணம் கை கொடுக்கும். அதனால் அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போக வேண்டியிருக்கிறது.

முதலில் காசுக் கணக்கு. வங்கதேசத்தில் ஆடைத் தொழிலாளியின் குறைந்தபட்சச் சம்பளம் 2023 டிசம்பர் முதல் மாதம் 12,500 டாக்கா (அந்த நாட்டுக் காசு). அதற்கு முன் ஐந்து வருடம் 8,000 டாக்காவிலேயே நின்றது. தொழிலாளர்கள் 23,000 கேட்டுத் தெருவில் இறங்கினார்கள், உயிர்கள் போயின, கடைசியில் கிடைத்தது இந்த 12,500. மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று வைத்தால் 208 மணி நேரம். வகுத்துப் பாருங்கள்: மணிக்கு 60 டாக்கா, நிமிடத்துக்கு ஒரு டாக்கா.

ஒரு சாதாரண ரவுண்ட் நெக் டி-ஷர்ட்டுக்குத் தோள் சேர்ப்பது, கழுத்து ரிப் வைப்பது, கை ஏற்றுவது, பக்கம் அடிப்பது, அடிமடிப்பு எல்லாம் சேர்த்து ஏட்டுக் கணக்கில் எட்டிலிருந்து பத்து நிமிடத் தையல். ஏட்டில் இருக்கிற மாதிரி எந்த லைனும் ஓடாது. நூல் அறும், ஊசி உடையும், முன்னால் இருப்பவரிடமிருந்து பீஸ் வராமல் அடுத்தவர் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். நடைமுறையில் இருபது நிமிடம் என்று தாராளமாகவே வையுங்கள். இருபது டாக்கா. கனடியக் காசில் கால் டாலருக்கு உள்ளே. வெட்டுகிறவர், செக்கிங், அயர்ன், பேக்கிங் ஆட்களைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். கிளீன் க்ளோத்ஸ் கேம்பெய்ன் என்ற ஐரோப்பிய அமைப்பு பல வருடமாக எடுத்துக்காட்டி வரும் ஒரு கணக்கும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது: கடையில் 29 யூரோவுக்கு விற்கும் டி-ஷர்ட்டில் தைத்தவர்களின் சம்பளம் 18 சென்ட்.

இதைக் கேட்டதும் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான். சம்பளத்தை இரட்டிப்பாக்கினால்கூட எனக்குக் கால் டாலர்தானே கூடும், நான் தந்துவிட்டுப் போகிறேனே! நல்ல மனசுதான். ஆனால் அந்தக் கால் டாலரை உங்கள் கையிலிருந்து தையல்காரர் கைக்குக் கொண்டுபோக வழி கிடையாது. கடைக்காரரும் பிராண்டும் இறக்குமதியாளரும் தங்கள் பங்கைச் சதவீதத்தில் போடுகிறார்கள். கீழே கால் டாலர் ஏறினால் ஒவ்வொரு படியிலும் சதவீதம் சேர்ந்து கடை விலையில் ஒரு டாலர் ஏறி நிற்கும். மாறாக நீங்கள் மேலே ஒரு டாலர் கூடக் கொடுத்தால் அது மேலேயே தங்கிவிடும். பணம் கீழே இறங்க வேண்டுமானால் பிராண்ட் தொழிற்சாலைக்குக் கொடுக்கும் விலை ஏற வேண்டும், ஏறியது சம்பளப் பதிவேட்டிலும் தெரிய வேண்டும்.

அந்த விலை எப்படிப் படிகிறது என்பதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. ஆர்டர் பேசும்போது காஸ்டிங் ஷீட் என்று ஒரு செலவுக் கணக்கு போடுவோம். நூல், நிட்டிங், சாயம், துணி சுருங்காமல் இருக்கச் செய்யும் காம்பாக்டிங், வெட்டுக் கழிவு, தையல் கூலி, லேபிள், பாலிபேக், அட்டைப் பெட்டி, துறைமுகம் வரை லாரி, ரிஜெக்ஷனுக்கு ஒரு சதவீதம், கடைசியில் லாபம். டி-ஷர்ட்டில் துணிக்கே பாதிக்கு மேல் போய்விடும். ஷீட்டை அனுப்பினால் இரண்டு நாளில் பதில் வரும்: உங்கள் விலை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கள் டார்கெட் இதைவிட இருபது சென்ட் கம்மி, வேறு நாட்டில் தருகிறார்கள், பாருங்கள்.

எங்கே பார்ப்பது? நூல் விலையை மில் சொல்கிறது, பஞ்சு ஏறினால் அதுவும் ஏறும். சாயக் கூலியில் கை வைக்க முடியாது. நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் சாயக்கழிவால் நாசம் செய்து, 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, சுத்திகரிப்புச் செலவில்லாமல் திருப்பூரில் முறையாகச் சாயம் போட முடியாது. (அதற்கு முன்னால் அந்தச் செலவை நதிக்கரை விவசாயிகள் தங்கள் நிலத்தால் கட்டிக்கொண்டிருந்தார்கள். மலிவு விலைக்குப் பின்னால் தொழிலாளி மட்டும் இல்லை.) லேபிளும் பெட்டியும் பையர் கைகாட்டிய சப்ளையரிடம்தான் வாங்க வேண்டும், அந்த விலையையும் குறைக்க முடியாது. எல்லா வரிகளையும் கழித்துவிட்டுப் பார்த்தால் பேனா போய் நிற்பது தையல் கூலி வரியில்தான். அங்கே யாரும் கொடுமைக்காரராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. வளைந்து கொடுக்கிற வரி அது ஒன்றுதான்.

விலையைவிட மோசமானது தேதி. சாம்பிள் அனுப்பியிருப்போம். கழுத்து கால் அங்குலம் அகலம், ஒப்புதல் இல்லை. திருத்தி அனுப்பினால் பையர் பக்கத்தில் ஒப்புதல் தர வேண்டிய மேடம் விடுமுறையில் இருப்பார். கலர் பிடிக்கவில்லை என்று லேப் டிப், அதாவது சாயம் போட்ட மாதிரித் துணி, திரும்பி வரும். இப்படி மூன்று வாரம் அவர்கள் பக்கத்தில் கரைந்த பிறகும் ஷிப்மெண்ட் தேதி மட்டும் நகராது. தவறினால் கப்பலுக்குப் பதில் விமானத்தில் அனுப்ப வேண்டும், செலவு நம் தலையில். ஒரு ஏர் ஷிப்மெண்ட் முழு ஆர்டரின் லாபத்தையும் சாப்பிட்டுவிடும். ஆகவே லைனில் ஒன்றரை ஷிப்ட் இரண்டு ஷிப்ட் ஆகும், நைட் ஓடும், ஞாயிற்றுக்கிழமையும் ஓடும். அப்படியும் முடியாத மிச்சத்தை ஏதோ ஒரு சந்துக்குள் இருக்கும் பவர் டேபிள் என்ற சின்னத் தையல் பட்டறைக்கு ஜாப் வொர்க்காகத் தூக்கிக் கொடுப்பார்கள். அந்த முகவரி எந்த ஆடிட் அறிக்கையிலும் வராது. இருபது மணி நேரம் வேலை வாங்கினார்கள் என்று பிறகு ஒரு செய்தி வரும்போது, அந்த மூன்று வாரத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது.

2020-இல் கொரோனா வந்தபோது இது அம்மணமாகத் தெரிந்தது. வங்கதேசத்தில் மட்டும் 300 கோடி டாலர் அளவுக்கு ஆர்டர்களை பிராண்டுகள் ரத்து செய்தன அல்லது நிறுத்தி வைத்தன. தைத்து முடித்துப் பெட்டியில் அடைத்ததற்குக்கூடப் பணம் தர மறுத்தார்கள். துணி வாங்கிய கடன் தொழிற்சாலைக்கு, சம்பளப் பாக்கி தொழிலாளிக்கு. பிறகு தொழிலாளர் அமைப்புகள் ஒவ்வொரு பிராண்டாகப் பெயர் சொல்லிப் பொதுவெளியில் கேட்டபோது பலர் பணத்தைக் கொடுத்தார்கள். இந்தக் கடைசித் தகவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் தேவைப்படும்.

இனி உங்கள் கணவரின் வாதத்துக்கு வருகிறேன். அதில் உள்ள உண்மை பெரியது. வங்கதேச ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆடைதான், அதை நம்பி 40 லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள். ஆடைத் தொழிற்சாலைகள் வந்த பகுதிகளில் வளர்ந்த பெண் பிள்ளைகள் கூடுதலாகப் படித்தார்கள், அவர்களுக்குக் கல்யாணமும் முதல் பிரசவமும் தள்ளிப்போயின என்று ரேச்சல் ஹீத்தும் முஷ்ஃபிக் மொபாரக்கும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. லைனில் எழுதப் படிக்கத் தெரிந்தவருக்குச் சம்பளம் கூட. அது ஊரில் உள்ள அப்பாமார்களுக்கும் தெரிந்துவிடுகிறது.

வாங்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. 1992-இல் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின், குழந்தைத் தொழிலாளர்கள் தயாரித்த பொருட்களின் இறக்குமதியைத் தடுக்க ஒரு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவே ஆகவில்லை. ஆனாலும் பயந்துபோன வங்கதேச முதலாளிகள் ஏறக்குறைய 50,000 பிள்ளைகளை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அவர்களில் பலர் கல் உடைக்கவும் தெருவில் அலைந்து பிழைக்கவும் பாலியல் தொழிலுக்கும் போனதை யுனிசெப் 1997-இல் பதிவு செய்தது. 1995-இல் முதலாளிகள் சங்கமும் ஐ.எல்.ஓ. என்ற உலகத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெப்பும் உட்கார்ந்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து உதவித்தொகை கொடுத்த பிறகுதான் வேலை நீக்கவேண்டும் என்று ஒப்பந்தம் போட்டார்கள். அதற்குள் பெரும்பாலான பிள்ளைகள் எங்கே போனார்கள் என்றே தெரியாமல் போய்விட்டது.

திருப்பூரிலும் இதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு பையர் ஏதோ அறிக்கை வந்தது என்று சீசன் நடுவில் ஆர்டரை நிறுத்திவிட்டார். செக்கிங் பிரிவில் இருந்த அக்கா ஒருவர், மதுரைப் பக்கத்துக்காரர், என்னிடம் வந்து கேட்டார்: "நிறுத்தச் சொன்னது யாரு சார்? எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா?" அறிக்கையில் எழுதியிருந்தது பொய்யா அக்கா என்றேன். "பொய்யில்ல சார். சூப்பர்வைசர மாத்தச் சொல்லிருந்தா நாங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்துருப்போம்ல."

ஆனால் எந்த வேலையும் வேலை இல்லாததைவிட நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. கிறிஸ் பிளாட்மனும் ஸ்டெஃபான் டெர்கோனும் எத்தியோப்பியாவில் ஐந்து தொழிற்சாலைகளில் வேலைக்கு விண்ணப்பித்த ஏறக்குறைய ஆயிரம் பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பின்தொடர்ந்தார்கள். வேலை கிடைத்தவர்களின் வருமானம் மற்றவர்களைவிடக் கூடவில்லை, உடல்நலக் கோளாறு கூடியது, பெரும்பாலோர் வருடத்துக்குள் வேலையை விட்டுவிட்டார்கள். வங்கதேசத்துக்குப் பொருந்துவது எல்லா ஊருக்கும் பொருந்தாது.

"அவர்களே விரும்பித்தானே வருகிறார்கள்" என்ற பேச்சு எங்கே உடைகிறது என்றால், ராணா பிளாசாவில். வங்கதேசத் தலைநகரம் டாக்காவுக்குப் பக்கத்தில் சாவர் என்ற ஊர். எட்டு மாடிக் கட்டடம், மேல் மாடிகள் அனுமதி இல்லாமல் கட்டியவை, ஐந்து ஆடைத் தொழிற்சாலைகள், மாடியிலேயே ஜெனரேட்டர்கள். 2013 ஏப்ரல் 23 அன்று தூண்களில் பெரிய விரிசல் தெரிந்தது, எல்லோரையும் வெளியேற்றினார்கள். கீழ்த்தளங்களில் ஒரு வங்கிக் கிளையும் கடைகளும் இருந்தன. மறுநாள் காலை வங்கி திறக்கவில்லை, கடைகளும் திறக்கவில்லை. தையல் தொழிலாளர்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள். போகாவிட்டால் அந்த மாதச் சம்பளம் கிடைக்காது என்று மிரட்டினார்கள். கரண்ட் போனது, ஜெனரேட்டர் ஓடியது, கட்டடம் இறங்கியது. இறந்தவர்கள் 1,134 பேர்.

ஒரே கட்டடம், ஒரே விரிசல். வங்கி ஊழியர் வீட்டில் இருந்தார், தையல்காரர் உள்ளே போனார். இருவருக்கும் இடையில் சம்பள வித்தியாசம் இருந்திருக்கும். ஆனால் அன்று காலை உயிரைக் காப்பாற்றியது "வரமாட்டேன்" என்று சொல்ல முடிந்ததுதான். அந்த ஐந்து தொழிற்சாலைகளில் ஒன்றிலும் தொழிற்சங்கம் இல்லை. சொற்பச் சம்பளத்துக்கு ஒத்துக்கொண்டு ஒருவர் வேலைக்கு வருகிறார் என்றால் அதை அவருடைய முடிவு என்று மதிக்கலாம். விரிசல் விட்ட கட்டடத்துக்குள் போவதற்கு அவர் எப்போது ஒத்துக்கொண்டார்? ஒரு நாட்டின் ஏழ்மை சம்பளம் ஏன் குறைவு என்பதற்கு விளக்கமாகலாம். மிரட்டி ஏன் உள்ளே அனுப்பினார்கள் என்பதற்கு அது விளக்கம் ஆகாது.

டொராண்டோவில் இருப்பவர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த இடிபாட்டில் கிடைத்த உடுப்புகளில் உங்கள் ஊர் லோப்லா கடைகளில் விற்கும் ஜோ ஃப்ரெஷ் பிராண்டும் இருந்தது. லோப்லா இழப்பீட்டில் பங்கு கொடுத்தது, பிறகு வந்த பாதுகாப்பு ஒப்பந்தத்திலும் சேர்ந்தது (அதற்குக் கீழே வருகிறேன்). ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் ஒன்ராறியோ நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு 2017-இல் தள்ளுபடியானது, 2018-இல் மேல்முறையீடும் தோற்றது, 2019-இல் உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொள்ள மறுத்தது. அங்கிருந்த தொழிற்சாலைக்கு முன்பே தணிக்கை நடந்திருந்தது. கட்டடத்தின் உறுதியைப் பார்ப்பது அந்தத் தணிக்கையின் வேலையாக இருக்கவில்லை.

தணிக்கை, சான்றிதழ் இரண்டிலும் எனக்கு நம்பிக்கை போய் நாளாகிறது. கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் என்ற தொழிற்சாலை 2012 ஆகஸ்டில் எஸ்.ஏ.8000 என்ற பெரிய தொழிலாளர் நலச் சான்றிதழை வாங்கியது. செப்டம்பர் 11 அன்று தீப்பிடித்தது. கம்பி போட்ட ஜன்னல், பூட்டிய கதவு, 250 பேருக்கு மேல் செத்தார்கள். திருப்பூரில் ஆடிட் நாள் எப்படி இருக்கும் என்பது எங்கள் தெருவில் டீ விற்பவருக்கும் தெரியும். முதலுதவிப் பெட்டியில் அன்று மட்டும் பஞ்சும் மருந்தும் இருக்கும். தீயணைப்பானுக்குக் கீழே அடுக்கியிருந்த பெட்டிகள் காணாமல் போகும். ஊசிக்குப் பாதுகாப்புத் தடுப்பு மாட்டியிருக்கும், செக்கிங் பெண்கள் மாஸ்க் போட்டிருப்பார்கள். ஓவர்டைம் பதிவேடு இரண்டு இருக்கும் இடத்தில் மேஜைக்கு வருவது ஒன்றுதான். என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று முதல் நாளே வகுப்பு எடுத்திருப்பார்கள். ஆடிட்டர் மக்கு இல்லை. அவருக்கும் தெரியும். மறுநாள் வேறு கம்பெனி பார்க்க வேண்டும், இந்த அறிக்கைக்குப் பணம் கட்டுகிறவர் யார் என்பதும் அவருக்குத் தெரியும்.

இதோடு ஒப்பிட்டால் ராணா பிளாசாவுக்குப் பிறகு, 2013 மே மாதத்தில் வந்த அக்கார்டு வேறு ரகம். இருநூறுக்கு மேல் பிராண்டுகள் உலகத் தொழிற்சங்கங்களோடு கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், சட்டப்படி கட்டுப்படுத்தக்கூடியது. 1,600-க்கு மேற்பட்ட தொழிற்சாலைகளைப் பொறியாளர்கள் போய்ப் பார்த்தார்கள். அறிக்கைகள் எல்லோரும் படிக்கும்படி வெளியிடப்பட்டன. படிக்கட்டை மறித்த இழுகதவுகள் கழற்றப்பட்டன, மின் இணைப்புகள் மாற்றப்பட்டன. ஆபத்து என்று பட்டால் வேலையை மறுக்கும் உரிமை எழுத்தில் வந்தது. சொன்னபடி செய்யாத பிராண்டுகள் மீது தொழிற்சங்கங்கள் ஹேக் நகரத்தில் நடுவர் மன்றத்துக்குப் போக, அவை சமரசத்துக்கு வந்தன. 2023-இல் பாகிஸ்தானுக்கும் இதே ஏற்பாடு வந்தது. சம்பளத்தை இது தொடவில்லை, உண்மைதான். ஆனால் 2013-க்குப் பிறகு அந்த அளவு விபத்து வங்கதேச ஆடைத் தொழிலில் நடக்கவில்லை.

அதனால் விலை கூடின பிராண்டுக்கு மாறுவது பற்றிய உங்கள் கேள்விக்குப் பதில்: மாறிப் பயனில்லை. ஒரே கூரைக்குக் கீழே காலையில் மலிவுக் கடை லேபிளும் மதியம் அதைவிட நான்கு மடங்கு விலை போகும் லேபிளும் ஏறுவதைத் தினம் பார்த்தவன் நான். துணியின் தரம் வேறாக இருக்கும், தைத்த கை ஒன்றே, கூலி விகிதமும் ஒன்றே. "வெளிநாட்டில் தைத்தது வேண்டாம், இங்கேயே தைத்தது போதும்" என்பதிலும் பாதுகாப்பு இல்லை. 2020-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் பூஹூ நிறுவனத்துக்குத் தைத்த பட்டறைகளில் மணிக்கு மூன்றரை பவுண்டு கொடுத்தது அம்பலமானது. 2024-இல் மிலான் நீதிமன்றம் ஆடம்பர பிராண்டான டியோரின் துணை நிறுவனம் ஒன்றை நீதிமன்றக் கண்காணிப்பில் வைத்தது. 2,600 யூரோ கைப்பைக்குப் பட்டறைக்குக் கொடுத்தது 53 யூரோ. இத்தாலியில்தான் நடந்தது.

வாங்கவே கூடாத பொருள் என்று ஒன்றும் கிடையாதா என்றால், உண்டு. சம்பளம் குறைவு என்பதும், விட்டுவிட்டுப் போகவே முடியாது என்பதும் வேறு வேறு. உஸ்பெகிஸ்தானில் ஒவ்வொரு பருத்தி அறுவடைக்கும் அரசாங்கமே ஆசிரியர்களையும் டாக்டர்களையும் மாணவர்களையும் வயலுக்கு விரட்டியது. முந்நூறுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் உஸ்பெக் பருத்தியை வாங்க மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டன. 2021 அறுவடையில் அரசு நடத்திய கட்டாய வேலை ஒழிந்தது உறுதியானதும் 2022 மார்ச்சில் அந்தப் புறக்கணிப்பை விலக்கிக்கொண்டார்கள். அங்கே அது வேலை செய்தது. காரணம், ஆள் பிடித்தது ஓர் அரசு, அதை நிறுத்த அதனால் முடியும், புறக்கணிப்பைக் கேட்டவர்களில் அந்த நாட்டு மனித உரிமைக்காரர்களும் இருந்தார்கள். சீனாவின் சின்ஜியாங் பருத்தியைத் தவிர்ப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். அங்குள்ள தொழிலாளி மறுக்கவும் முடியாது, வெளியே வந்து தன் நிலையைச் சொல்லவும் முடியாது.

நம் பக்கத்தில் இந்த எல்லைக்கோட்டின் மேலேயே நின்ற ஒன்று சுமங்கலித் திட்டம். கோவை, திண்டுக்கல், ஈரோடு பக்கத்து நூற்பாலைகளுக்குத் தென் மாவட்டங்களிலிருந்து பதினாறு பதினேழு வயதுப் பெண்களைக் கூட்டி வருவார்கள். மூன்று வருடம் மில் விடுதியில் இருக்க வேண்டும், வெளியே போக அனுமதி வேண்டும், கடைசியில் மொத்தமாக முப்பதாயிரத்திலிருந்து ஐம்பது அறுபதாயிரம் வரை, கல்யாணச் செலவுக்கு. இடையில் உடம்புக்கு முடியாமல் கிளம்பினால் அந்த மொத்தத் தொகை போச்சு. பெற்றோர் சம்மதம், பெண்ணின் சம்மதம், எல்லாம் காகிதத்தில் சரியாக இருக்கும். கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு காலைக் கட்டுவதுதான் அதில் சூட்சுமம். "விரும்பித்தானே வந்தார்கள்" என்று அங்கேயும் சொன்னார்கள்.

திண்டுக்கல்லில் நடந்த இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2021 ஜனவரியில் அங்கே ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். பிடிபட்டவர் அவருடைய மேற்பார்வையாளர். பையர்கள் ஆர்டரை நிறுத்திவிட்டு வேறு கம்பெனிக்குப் போயிருந்தால் அது வழக்கமான கதையாக முடிந்திருக்கும், ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலையும் போயிருக்கும். தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் அதை விடவில்லை. 2022 ஏப்ரலில் தொழிற்சாலை நிர்வாகம், தொழிற்சங்கம், எச் அண்ட் எம் பிராண்ட் எல்லோரும் கையெழுத்துப் போட்ட திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது, பிறகு கேப், பி.வி.எச். என்ற அமெரிக்க நிறுவனங்களும் சேர்ந்தன. ஒவ்வொரு லைனிலும் தொல்லைகளைக் கவனித்துச் சொல்லப் பயிற்சி பெற்ற தொழிலாளப் பெண்கள். புகார் கொடுத்தவரைப் பழிவாங்கினால், நிர்வாகம் ஒப்பந்தத்தை மீறினால், பிராண்டுகள் ஆர்டரில் கை வைக்கும் என்பது அதில் இருந்த ஏற்பாடு. செக்கிங் அக்கா அன்று கேட்டது ஏறக்குறைய இதைத்தான்.

கடைக்கு வெளியே இருப்பவர்கள் போடும் சத்தம் பலிக்குமா? பலித்திருக்கிறது. இந்தோனேசியாவில் 1990-களில் நைக்கி, அடிடாஸ், ரீபாக் மீது பிரசாரம் நடந்தபோது, அவற்றுக்குத் தைத்த ஆலைகளில் சம்பளம் மற்ற ஆலைகளைவிட அதிகமாக ஏறியது, பெரிய அளவில் வேலை போகவில்லை என்று ஆன் ஹாரிசனும் ஜேசன் ஸ்கோர்ஸும் கணக்கெடுத்தார்கள். முதலாளிகளின் லாபம் குறைந்தது, சில சிறிய ஆலைகள் மூடின, அதையும் மறைக்கவில்லை. கொரோனா காலத்தில் பெயர் சொல்லிக் கேட்டதும் பணம் வந்ததே, அதுவும் இதே வழிதான். தனியாக ஒருவர் கடையில் ஒரு டி-ஷர்ட்டை எடுக்காமல் வைத்துவிட்டு வந்தால், அது அந்த பிராண்டின் பார்வையில் அன்றைய மழையால் குறைந்த விற்பனை.

ஆகவே நீங்கள் பத்து டாலர் உடுப்பை வாங்குங்கள், அதில் தப்பு காணமாட்டேன். பத்து வாங்கும் இடத்தில் ஆறு வாங்கி நன்றாகக் கிழியும்வரை போட்டால் உங்கள் பணப்பைக்கும் குப்பைமேட்டுக்கும் நல்லது. அதைத் தையல்காரருக்குச் செய்த உபகாரமாக மட்டும் நினைக்க வேண்டாம், அவருக்கு அது நான்கு பீஸ் குறைவு. வழக்கமாக வாங்கும் பிராண்ட் அக்கார்டில் இருக்கிறதா, தைக்கும் தொழிற்சாலைகளின் பெயரும் முகவரியும் வெளியிடுகிறதா என்று ஒருமுறை பாருங்கள். பட்டியல் வெளியிட்டால் உத்தமர்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் பிரச்சினை வந்தால் தொழிலாளி யாரைப் பிடிக்க வேண்டும் என்பதாவது தெரியும். கனடாவில் 2024 முதல் பெரிய நிறுவனங்கள் தங்கள் சப்ளை சங்கிலியில் கட்டாய வேலையும் குழந்தை வேலையும் இருக்கிறதா என்று ஒவ்வொரு வருடமும் மே 31-க்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். அறிக்கை கொடுத்தால் போதும், எதையும் சரிசெய்யக் கட்டாயமில்லை என்பதுதான் அந்தச் சட்டத்தின் ஓட்டை. உங்கள் எம்.பி. ஓட்டுக் கேட்டு உங்கள் வீட்டுக்கதவைத் தட்டும்போது இதைக் கேளுங்கள்.

இனி முந்நூறு டி-ஷர்ட். இங்கேதான் உங்களுக்குத் தனியாளாக இல்லாத பலம் இருக்கிறது, ஏனென்றால் ஒரு சங்கம் வாங்குகிறது. ஹோண்டுராஸில் தொழிலாளர்கள் தொழிற்சங்கம் அமைத்த ஓர் ஆலையை, விளையாட்டு உடை விற்கும் ரஸ்ஸல் நிறுவனம் 2009-இல் மூடியது. அமெரிக்க மாணவர்கள் போராடி ஏறக்குறைய நூறு பல்கலைக்கழகங்களை அந்த நிறுவனத்தோடு இருந்த, பல்கலைக்கழகப் பெயரைப் போட்டு உடுப்பு விற்கும் உரிம ஒப்பந்தத்தை முறிக்க வைத்தார்கள். அதே வருடம் நவம்பரில் நிறுவனம் இறங்கி வந்து 1,200 பேரைத் திரும்ப வேலைக்கு எடுக்க ஒத்துக்கொண்டது. முந்நூறு பீஸுக்கு ஹோண்டுராஸ் அசையாது. ஆனால் உங்கள் ஊரில் இப்படி எத்தனை சங்கம், எத்தனை கோவில், எத்தனை பழைய மாணவர் அமைப்பு, எல்லோரும் அதே இரண்டு மூன்று அச்சகங்களுக்குத்தானே போகிறார்கள்!

அச்சடிப்பவரிடம் போனால் அவர் அநேகமாக மான்ட்ரியால் நிறுவனமான கில்டனுடைய வெற்று டி-ஷர்ட்டையோ அது மாதிரி ஒன்றையோ எடுத்துப் போடுவார். இது எந்த நாட்டில் எந்தத் தொழிற்சாலையில் தைத்தது, அந்த நிறுவனம் பட்டியல் வெளியிடுகிறதா, வங்கதேசத்தில் தைத்திருந்தால் அக்கார்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்காது. கேட்டுச் சொல்கிறேன் என்பார். வரட்டும். ஒரே சீசனில் நாலு வாடிக்கையாளர் அதே கேள்வியைக் கேட்டால் அடுத்த முறை மொத்த வியாபாரியிடம் அவரே முதலில் கேட்பார். விழா ஜூலை என்றால் ஏப்ரலிலேயே டிசைனை முடித்து அளவுப் பட்டியலைக் கையில் கொடுத்துவிடுங்கள். ஜூன் கடைசியில் தலைவர் வந்து லோகோவின் நிறம் சரியில்லை என்பார், மாற்றித்தான் ஆக வேண்டும் என்பார். தேதி நகராது, அச்சகத்தில் யாரோ இரண்டு பேர் இரவு முழுக்க நிற்க வேண்டிவரும், அவர்களும் அநேகமாக நம் ஆட்களாகத்தான் இருப்பார்கள்.